வினைச்சொல் என் பொறுப்பு

என் ரவா உப்புமாவைக் குறை சொன்னவர் யாருமில்லை, என் கணவர் செல்லக்கண்ணுவைத் தவிர. பொன்மலையில் ரயில்வே வேலை பார்த்து ரிட்டயராகி, ஸ்ரீரங்கத்தில் குடியேறியவர். பால்காரரைக்கூட அரைமணி நேரம் நிறுத்திவைத்துப் பேசுவார். அவர் பேசும்போது நான் வாய் திறந்ததில்லை. திறக்க இடம் கிடைத்ததில்லை.

அவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. முதலில் கை நடுங்கியது, பிறகு பேச்சு திக்கி நின்றது. தென்னூரில் பேச்சுப் பயிற்சி தரும் பெலிண்டா விளக்கினார்.

"பொருளோட பேரெல்லாம் ஓரளவு வந்துடுங்க. வா, போ, எடுன்னு செயலைச் சொல்ற வார்த்தைதான் ரொம்பச் சிக்கும். நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. காத்திருங்க."

காத்திருந்தேன். ஆனால் அடுப்பில் கல் காய்கிறதே. "தோசை..." என்று நிறுத்துவார். "வேண்டாமா? சரி" என்று உப்புமா கிண்டிவிடுவேன். "டிவியை..." என்பார். அணைத்துவிடுவேன். அவர் ஆரம்பிக்க, நான் முடிக்க, குடும்பம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

தை மாதம் திருவெள்ளறையிலிருந்து அவர் தங்கை மயிலம்மாள் போன் செய்தாள். மகளுக்குக் கல்யாணம், தாய்மாமன் வந்து நின்றால்தான் சபை நிறையும் என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"கல்யாணத்துக்கு நான்..." என்றார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை.

"வரலையாம், மயிலு" என்றேன்.

நாலு பேர் அவர் நடுக்கத்தை வேடிக்கை பார்க்க வேண்டாமே என்ற அக்கறைதான். அவர் தலையை வேகமாக இடமும் வலமும் ஆட்டினார். நோயின் நடுக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

முகூர்த்தத்தன்று காலையில் பட்டு வேட்டியைத் தானே எப்படியோ சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"பஸ்..." என்றார்.

"போயிடுச்சுங்க" என்றேன்.

மறுவாரம் மயிலம்மாளே வந்துவிட்டாள். "ஏண்ணே வரல?" என்று அவர் முன்னால் உட்கார்ந்தாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"அண்ணி, நீங்க சும்மா இருங்க. அண்ணன் சொல்லட்டும்."

சமையலறையில் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது. அவள் அசையவில்லை.

"இவ... விடல" என்றார் அவர்.

தெளிவான வினைச்சொல். பெலிண்டா கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். நான் மறுக்கவில்லை. ஆமாம், நான்தான் விடவில்லை. பேசாமலே இருந்த எனக்கு, அவர் வாயால் பேசுவது பிடித்திருந்தது.

அவள் அழுதுவிட்டுப் போனபின் அவர் என் பக்கம் திரும்பினார். "பானு, உன்னை நான்..." என்று நிறுத்தினார். இந்த முறை உண்மையாகவே காத்திருந்தேன். அவர் கண்கள் என்மேலேயே இருந்தன. சொல் வரவில்லை.

"மன்னிச்சுட்டீங்க" என்றேன். "எனக்குத் தெரியுங்க."