சத்தம் போடாத கடியாரம்

"இத்தனை வருசமா இதை ஊமைன்னுல்லா நெனச்சிருந்தேன்!"

விக்கிரமசிங்கபுரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெரியவர் மனைவியிடம் சொன்னார். மனைவியின் மடியில், வேட்டியில் சுற்றிய பழைய சுவர்க்கடிகாரம். டவுனில் விலை கேட்டுவிட்டு விற்காமல் திரும்புகிறார்கள்.

"மணியடிக்குத சுத்தியல்ல துணி சுத்தியிருக்குன்னு கடைக்காரர் சொல்லுதாரு. சாவி குடுக்கது நீ. வேற எவன் சுத்துவான்?"

"நான்தான். நீங்க மில்லுல ராத்திரி ஷிப்ட் பாத்துட்டு வந்து பகல்ல படுப்பிய. இது மணிக்கு மணி அடிச்சா எங்கன தூங்க?"

"எங்கிட்டச் சொல்லலையே?"

"சொன்னா, 'எங்க அப்பா வாங்கினது, அடிக்கட்டும்'னு சொல்லுவிய."

"மில்லை விட்டு நின்ன பொறவாது அவுத்திருக்கலாம்லாட்டி?"

"இப்பவும் மத்தியானம் செத்த கண்ணசருதிய."

பெரியவர் கையை நீட்டி, கடிகாரத்தின் மேல் விலகியிருந்த வேட்டியை இழுத்து மூடினார்.

"துணியை அவுத்து, அடிக்குதுன்னு தெரிஞ்சதும் கடைக்காரர் விலையைக் கூட்டித்தான சொன்னாரு. பொறவு ஏன் மாட்டேன்னுட்டிய?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"அப்பா இருக்கையில கேட்ட சத்தம். வீட்டுல வச்சு ஒருக்கக் கேக்கணும்ட்டி. இனிமே துணியெல்லாம் சுத்தாத."

"சுத்தலை."

சேரன்மகாதேவி தாண்டியதும் அவர் மனைவியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பேருந்து பள்ளத்தில் இறங்கி ஏறியபோது கடிகாரம் 'டங்' என்றது. அந்த அம்மாள் வேட்டிக்குள் பைய கையை விட்டு, சுத்தியலைப் பிடித்துக்கொண்டாள். ஊர் வரும்வரை கையை எடுக்கவே இல்லை.