காயாத வள்ளம்

– தொடாதீங்க நானா. ஏற்கனவே அதுல பதினோரு வெரல் அடையாளம் இருக்கு. எல்லாம் உங்களோடது.

– தொடாம எப்பிடி சின்னப்பிள்ள, காஞ்சிட்டா இல்லயான்டு பாக்குற?

– காயல. அதுக்கு வெரல் எதுக்கு? அந்தா முன்பக்கத்துல பாருங்க, ரெண்டு தும்பி ஒட்டிக்கிட்டு கெடக்குது. நேத்து ஒன்னுதான் கெடந்துச்சு.

– ஞாயித்துக்கெழம பூசின. இன்டக்கி வியாழன். முப்பது வருஷமா மாத்தளை டவுன்ல கட்டிலுக்கும் அலுமாரிக்கும் பொலிஷ் போடுறன். பலீல் கை வச்ச சாமான் ஒன்டாவது காயாம நின்டதா யாராச்சும் செல்லட்டும் பாப்பம்.

– அலுமாரி எங்க நானா கொளத்துல எறங்குது? நாளைக்குக் காலைல கிராம சபை இன்ஸ்பெக்டரு வர்றாரு. வெள்ளக் கால்சட்ட போட்டுக்கிட்டு வருவாரு. இந்தப் பலகையில குந்தி, அக்கரைக்குப் போயி, திரும்பி வந்துதான் பெர்மிட்டுல கையெழுத்து வைப்பாரு. இப்ப இருக்குற இருப்புல அவரு குந்துறது பிரச்சன இல்ல. எழும்புறதுதான் பிரச்சன.

– எனக்கு தெரியாதா? அத வேற செல்லிக்காட்டணுமா?

– சொல்லாம? போன வருசம் அவருதானே மரம் வெறுமனே கெடக்குது, ஊறிப் போகும், பூச்சு போடாத வள்ளத்துக்கு பெர்மிட்டு இல்லன்னாரு. எனக்குப் போட்டியா நிக்கிற அந்த சோமசுந்தரம் ரோட்டு வேலைக்கு வந்த தார வாங்கி அப்பிட்டான். ஒரே நாள்ல காஞ்சு, அவன் வள்ளம் கொளத்துல மெதக்குது. என் வள்ளம் ரெண்டு கட்டை மேல குந்தி வானத்தப் பாக்குது.

– தார் ஒரு பூச்சா? வெயில் ஏறினா இளகும். ஏறுற பொம்புளயள்ட சீலயெல்லாம் பாழாப் போகும்.

– அது இளகும்ங்கிறீங்க. இது இறுகவே இல்லயே நானா. இந்தக் கொளத்துக்கு ஒரே ஒரு பெர்மிட்டு. தோட்டத்துல பேர வெட்டிக்கிட்டு, லயத்து வீட்டையும் வுட்டுட்டு இத நம்பித்தான் வந்தேன். நாளைக்கு அவனுக்குப் போச்சுன்னா நான் துடுப்ப வெறகாத்தான் எரிக்கணும். அழுக வருது நானா, சத்தியமா.

– அழாதீங்க சின்னப்பிள்ள. எனக்கும் வயிறு எரியிதுதான். லின்சீட் எண்ணெய் ஈந்தா இந்தக் கதயே இல்ல. வெளிநாட்டுச் சாமானெல்லாம் நிப்பாட்டினதுலருந்து கடயில ஒரு சொட்டு ஈக்கா? அதுக்குத்தான் றப்பர் கொட்ட எண்ணெய் கொண்டுவந்த. தோட்டத்துல கொட்ட பொறுக்கி, காயவச்சி, செக்குல ஆட்டி, மூணு போத்தல். அதக் காச்சி தும்மலப் பிசின இடிச்சிப் போட்டா மரத்துல கண்ணாடி கணக்கா புடிக்கும். எங்கட ஹாஜியார்ட வாசக் கதவுக்கு இதத்தான் பூசின. ரெண்டு நாள்ல காஞ்ச. இன்டக்கும் போய்ப் பாருங்க, மொகம் தெரியும்.

– ஹாஜியார் கதவுல காஞ்சது என் வள்ளத்துல ஏன் காயல?

– அதத்தான் நாலு நாளா யோசிக்கிறன். எண்ணெய் ரெண்டு சாதி. ஒரு சாதி காத்துப் பட்டா தோல் புடிச்சி இறுகும். மத்த சாதி ஒலகம் அழியிற கியாமத்து நாள் வரைக்கும் காயாது. றப்பர் எண்ணெய் காயிற சாதி. அதுல சந்தேகமே இல்ல. அப்ப தும்மல காணாதா? நெருப்பு கூடிட்டா? ஒங்கட மரத்துல முந்தி மீன் எண்ணெய் கீன் எண்ணெய் தேச்சீங்களா?

– ஆரம்பிச்சிட்டீங்களா? மொத மரத்த நல்லா சுரண்டலன்னீங்க. அப்பறம் நான் எரிச்ச வெறகு ஈரம்ன்னீங்க. இப்ப மீன் எண்ணெயா? அது இதுவரைக்கும் எந்த எண்ணெயும் காணாத மரம்.

– காச்சக்குள்ள மணம் புடிச்சீந்தா எனக்கு அப்பவே வெளங்கியீக்கும். சனிக்கெழமலருந்து இந்தத் தடிமன். மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல.

– ஏங்க, இந்தாங்க, வட சுட்டுக் கொண்டாந்தேன். நானா, நீங்களும் எடுங்க. கவ்பிப் பயறு வட. பருப்புதான் கண்ணுலயே காணோமே.

– கிருஷ்ணம்மா, மனுசன் இருக்குற இருப்புல வடையா கேட்டேன் உங்கிட்ட?

– நேத்தும் இப்பிடித்தான். அந்தியில ஒரு விசயம் சொல்ல ஓடியாந்தேன். வள்ளத்தத் தவிர வேற பேச்சு பேசாத, போன்னு வெரட்டினீங்க.

– இப்பவும் அதேதான். வேற பேச்சு வேணாம்.

– சரி, பேசல.

– வட நல்லா ஈக்கி தங்கச்சி.

– ருசி தெரியுதா நானா?

– ருசி தெரிய இல்ல. சூடு தெரியிது. அது போதும்.

– உங்களுக்கு நாக்கு இல்ல, தப்பிச்சீங்க. எனக்கு நாலு நாளா இவ பொரிக்கிறதெல்லாம் கசக்குது. வயித்துல வேற உருட்டுது. நேத்து மட்டும் ஆறு தடவ அந்தப் பக்கம் ஓடியிருக்கேன்.

– அது பாணு. கியூவுல நின்னு வாங்குற பாணுல மாவோட என்னாத்த கலக்குறாங்களோ. என் சமையல கொற சொல்லாதீங்க. நானே பொரிக்கிற தாச்சியோட மல்லுக்கட்டி நகமெல்லாம் போயி நிக்கிறேன்.

– தாச்சிக்கு என்னா வந்துச்சு?

– சாம்பல் போட்டுத் தேச்சேன், மணல் போட்டுத் தேச்சேன், ஒன்னும் நடக்கல. உள்ளுக்க தோலு மாதிரி ஒன்னு புடிச்சிருக்கு. இறுகிப் போயி, பளபளன்னு. குனிஞ்சா என் மூஞ்சியே தெரியுது.

– எனத்த செல்லின, தங்கச்சி? மொகம் தெரியிதா?

– தெரியுது நானா. பொட்டு வச்சுக்கலாம். சங்கக்கடை எண்ணெய் அந்த லட்சணம். வாடையும் ஒரு மாதிரித்தான்.

– சங்கக்கடயில எப்ப எண்ணெய் குடுத்த?

– போன வெள்ளிக்கெழம. இவருதான் கியூவுல நின்னு மூணு போத்தல் வாங்கியாந்து அடுப்படியில வச்சிருந்தாரு.

– நான் எங்க வாங்குனேன்? என் மொற வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சுன்னு கதவ சாத்திட்டான். நான் வச்சது நானா குடுத்த போத்தலு. வெயில்ல வைக்காதன்னாரு, உள்ளுக்க கொண்டுபோயி வச்சேன்.

– எங்கிட்ட சொன்னீங்களா?

– எண்ணெய்க்கிட்ட போயி சொல்றதுக்கு என்னா இருக்கு?

– ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. ஞாயித்துக்கெழம நான் போத்தல கேக்க, உள்ளுக்க ஈக்கி, போய் எடுங்கன்டு நீங்க செல்லின, சின்னப்பிள்ள. தங்கச்சி வீட்டுல இல்ல. நான் போய் எடுத்த. எல்லாம் ஒரே மாதிரி பச்சச் சாராயப் போத்தல். மேல் தட்டுல மூணு, கீழ மூணு.

– நீங்க எத எடுத்தீங்க நானா?

– மேல ஈந்தத்த. கழுத்துல மஞ்ச நூல் கட்டி ஈந்த. தங்கச்சி என்ட எண்ணெய யாரும் தொடக் கூடாதுன்டு கவனமா நூல் கட்டி ஒதுக்கி வச்சீக்கிறான்டு நெனச்ச. மனசுக்குள்ள துஆவும் செஞ்ச.

– ஐயோ நானா. அது மாரியம்மனுக்கு நேந்து வச்ச தேங்கா எண்ணெயி. மாசி மகத்துக்கு ஒம்பது நாளு வெளக்கு போடுறேன்னு தீவாளியிலருந்து கொஞ்சம் கொஞ்சமா சேத்தேன். நூலு கட்டினது நாங்களே தொடக் கூடாதுன்னுதான், அந்தத் தட்டு பக்கம் நான் எட்டிக்கூடப் பாக்கல. அதையா வள்ளத்துக்குப் பூசினீங்க?

– தெரியாமச் செஞ்சிட்டன் தங்கச்சி. மன்னிச்சிக்கோங்க. தேங்கா எண்ணெய். சரி, வெளங்கிட்டு. அது அந்த மத்தச் சாதி.

– அப்ப கியாமத்து வரைக்கும் காயாது.

– காயாது.

– அப்ப நாங்க நாலு நாளா தின்னது?

– வார்னிஷ். தும்மலயும் கொஞ்சம் சேத்தீந்தா ஒங்கட கொடல் மினுங்கும்.

– சிரிக்காதீங்க நானா. நீங்களும் இப்ப ரெண்டு வட தின்னீங்க.

– மூணு. யா அல்லாஹ். சரி, நடந்தது நடந்துட்டு. கேளுங்க. மண்ணெண்ணெயும் சாம்பலும் போட்டுத் தேச்சி இத எடுத்துடலாம். றப்பர் எண்ணெய் ரெண்டு போத்தல் ஈந்தா நானே திரும்ப காச்சிப் பூசித் தாறன். ஆனா காய ரெண்டு நாள் வேணும்.

– ரெண்டு நாளுக்கு எங்க போறது? பொழுது விடிஞ்சா இன்ஸ்பெக்டரு. போச்சு நானா. சோமசுந்தரத்துக்கே மாலையப் போட்டுட வேண்டியதுதான்.

– நாளைக்கு அவரு வர மாட்டாருங்க.

– யாரு?

– இன்ஸ்பெக்டர் ஐயா. நேத்து அந்தியில இந்தப் பக்கமா வந்தவரு வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. அடுத்த வெள்ளிக்கெழமதான் வருவாராம்.

– அடியே, இத ஏன் இவ்வளவு நேரம் சொல்லல?

– வேற பேச்சு வேணாம்னீங்களே. அதான் பேசல.

– அல்ஹம்துலில்லாஹ். ஒரு கெழம ஈக்கி சின்னப்பிள்ள, ஒரு முழுக் கெழம. ரெண்டு பூச்சு போடலாம். தங்கச்சி, அந்த மிச்ச எண்ணெயக் கொண்டாங்க.

– மிச்சம் இல்ல நானா.

– நாலு நாள்ல மூணு போத்தலுமா பொரிச்ச?

– ஒன்னுதான் பொரிச்சேன். மத்த ரெண்டையும் இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குக் குடுத்துட்டேன்.

– அவருக்கு என்னாத்துக்குடி எண்ணெயி?

– நாளைக்கு அவரு மகளுக்குக் கல்யாணம். அதுக்குத்தான் வர முடியாதுன்னாரு. கவும், கொக்கிஸ்னு பலகாரம் சுட மாத்தளை பூரா அலஞ்சும் ஒரு போத்தல் எண்ணெய் கெடைக்கலன்னு பாவம், அழாத கொறையா நின்னாரு. எனக்கும் நம்ம பெர்மிட்டு நெனப்புத்தான்.

– சுட்டுட்டாங்களா?

– ராத்திரியே சுட்டிருப்பாங்க. நம்ம மூணு பேரையும் காலைலயே வந்து முன்னுக்கு உக்காரச் சொன்னாரு. வர்ற சனத்துக்கெல்லாம் இந்தப் பலகாரம் யாரு வீட்டு எண்ணெய்ல சுட்டதுன்னு அவரே சொல்லுவாராம்.