வராண்டா விளக்குக்குப் போகும் இரண்டு ஒயர்கள்

எலக்ட்ரீஷியனுக்கு டீ கொடுத்தால் குடித்துக்கொண்டே வேலை பார்ப்பான். காபி கொடுத்தால் வேலையை நிறுத்திவிட்டுப் பேசுவான். கோகிலவாணி வீட்டு ஒயரிங்குக்கு வந்த ரஞ்சித்குமாருக்கு நான் காபிதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டரம்மா. பெயர் ராணியம்மாள், வயது ஐம்பத்தொன்பது, மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பின்தெரு. கோகிலவாணி எனக்கு எதிர்வீடு.

அவள் தினமும் பஸ்ஸில் அரூருக்கு வேலைக்குப் போவாள். புருஷன் சந்திரமோகன் ஓசூரில் இருந்து வாரம் ஒருமுறை வருவான், பெரும்பாலும் அதே நீலச் சட்டையில். நான் எல்லார் வீட்டு விஷயத்திலும் மூக்கை நுழைப்பதாகத் தெருவில் கேலி பேசுவார்கள். ஆனால் ஊருக்குப் போனால் சாவியை என்னிடம்தான் கொடுப்பார்கள். கோகிலவாணியும் அப்படித்தான்.

ரஞ்சித்குமாரைக் கூப்பிடாதே என்று முதலிலேயே அவளிடம் சொன்னேன். அவன் ஒயரிங் செய்த வீட்டில் ஷாக் அடித்து ஒருத்தி கை விளங்காமல் போனதாகச் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டாள். சித்தேரிப் பக்கம் என்றேன். மலை ஏறிப் போய் யார் விசாரிக்கப் போகிறார்கள்? தெருவிலும் நாலு பேரிடம் சொல்லிவைத்தேன். அதைப் பொய் என்று எழுத வேண்டாம். அதுவரை நடக்காத விஷயம், அவ்வளவுதான்.

மறுநாள் குழாயடியில் எட்டுப் பேர் நிற்கும்போது கோகிலவாணி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏம் பெரிம்மா, நீங்க சொல்லி இதுவரைக்கும் ஒன்னாச்சும் நடந்திருக்குதுங்களா? மாதண்ணன் பொண்ணு ஓடிப்போயிரும்னீங்க. அது பேங்க் வேலைக்குப் பாஸாயி உக்காந்திருக்குது. போன வருசம் மழையே இல்லைன்னீங்க. எங்க வூட்டுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். குடம் நிரம்பி வழிந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. நானும் சிரித்தேன். அவள் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத பெண், பாவம்.

அன்றைக்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வருவேன். வாசலில் நின்றால் பால் ஞாபகம் வரும். உள்ளே போனால் குழாயடியில் யார் என்ன பேசுகிறார்களோ என்று கால் திரும்பவும் வெளியே இழுக்கும். சீரியல் ஓடும், யார் யாருக்கு மாமியார் என்றே புரியாது.

அந்த வாரம்தான் ரஞ்சித்குமார் வேலையைத் தொடங்கினான். அது பழைய வீடு. குழாய்க்குள் ஓடும் ஒயர் எல்லாம் ஒரே கறுப்பு. ஒரு பேட்டரியையும் குட்டி பல்பையும் வைத்துக்கொண்டு, எந்த முனை எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தான். லைன், அதாவது கரண்ட் வர வேண்டிய ஒயரில் சிவப்பு டேப் சுற்றினான். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலில் மருந்துக்கடை பிளாஸ்திரியைச் சுற்றி, எந்த அறை என்று பேனாவால் எழுதினான். மெயின் போர்டில் இருந்து வராண்டா விளக்குக்கு இரண்டு ஒயர். ஒன்று வாசல் சுவிட்ச் வழியாகப் போவது, அதற்குச் சிவப்பு. இன்னொன்று நேராக விளக்குக்குப் போவது, அதற்குப் பிளாஸ்திரி.

இரண்டும் மாறிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவன் காபியை ஆற்றிக்கொண்டே பொறுமையாகச் சொன்னான்.

"லைட்டு நல்லாத்தான் எரியுங்க. அதுதான் ஆபத்தே. சுவிட்ச ஆஃப் பண்ணினாலும் ஹோல்டர்ல கரண்ட் நிக்கும். லைட்டுதான் அணைஞ்சிருச்சேன்னு நம்பிக் கைய வெச்சா போச்சுங்க, பெரிம்மா. அதனாலதான் இத்தன வேல மெனக்கெட்டு அடையாளம் ஒட்டறேன்."

நல்ல பையன். தொழில் தெரிந்தவன். அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை.

புது மெயின் போர்டு தர்மபுரியில் இருந்து வர இரண்டு நாள் ஆகும் என்று மெயினை இறக்கி, பியூஸ் கட்டையையும் எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் மத்தியானம், அவள் வேலைக்குப் போயிருந்தபோது, என்னிடம் இருந்த சாவியைப் போட்டுத் திறந்தேன். ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கத்தான். சாத்தித்தான் இருந்தது. வந்ததற்கு, வராண்டா ஒயர் இரண்டில் இருந்த சிவப்பையும் பிளாஸ்திரியையும் நகத்தால் பிரித்து மாற்றிச் சுற்றினேன். மற்ற அறைகளின் ஒயரைத் தொடவில்லை. யாருக்கும் பெரிய தொந்தரவு கொடுப்பது என் நோக்கமில்லை.

அவன் வந்து போர்டை மாட்டினான். தன் கையால் ஒட்டிய அடையாளத்தை யார் மறுபடி சோதிப்பார்கள்? விளக்கு எரிந்தது. கோகிலவாணி தெருவுக்கே கேசரி கொடுத்தாள். எனக்கு இரண்டு கரண்டி கூடுதலாக வைத்து, "பாத்தீங்களா, ஒன்னும் ஆகல" என்றாள்.

ஆகவில்லைதான். ஆறு வாரம் ஆகவில்லை. நான் தினமும் வாசலில் நின்று அந்த விளக்கையே பார்ப்பேன். நாலு கிலோ இளைத்துவிட்டேன்.

மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டுவதற்கு முதல் நாள் எல்லா வீட்டையும் கழுவிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவளும் வராண்டாவில் தண்ணீர் ஊற்றித் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் கேட் அருகில் நின்று, விளக்கில் ஒட்டடை தொங்குகிறதே, அம்மன் ஊர்வலம் வரும்போது கண்ணில் படுமே என்று சொன்னேன். உண்மையாகவே தொங்கியது. அவள் சுவிட்சை அணைத்துவிட்டு இரும்பு ஸ்டூலைப் போட்டு ஏறினாள், பல்பைக் கழற்றினாள்.

"பெரிம்மா, ஆடுது, கொஞ்சம் ஸ்டூலப் புடிச்சுக்குங்க," என்றாள்.

நான் பிடிக்கவில்லை. பிடித்தால் எனக்கும் அடிக்கும். ஈரத் துணியோடு விரலை ஹோல்டருக்குள் விட்டாள். அதிகச் சத்தம் இல்லை.

சும்மா ஒரு உதறு உதறும், ஒரு வாரம் கை வலிக்கும், குழாயடியில் வந்து 'நீங்க சொன்னது சரிதாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லுவாள் என்றுதான் நினைத்தேன். அவன் ஆபத்து என்று சொன்னது காதில் விழுந்ததா என்று கேட்கிறீர்கள். விழுந்தது. என் காதில் விழாதது எது?

அவளை அடக்கம் செய்வதற்குள் ரஞ்சித்குமாரைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். அவன் கையால் எழுதிய பிளாஸ்திரியே தப்பான ஒயரில் இருந்ததால், சரியாகத்தான் ஒட்டினேன் என்று அவன் அழுததை யாரும் நம்பவில்லை. தெருவே என் வீட்டுக்கு வந்தது. நீ அப்போதே சொன்னாயே என்றார்கள். குழாயடியில் முதல் குடம் வைக்க எனக்கு இடம் விட்டார்கள். ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு பழையபடி கால் தரிக்கவில்லை. அவன் மனைவி பூவிழி நிறைமாதம், நீதிமன்ற வாசலில் நிற்கிறாள். அந்தப் பெண்ணுக்காகத்தான் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். பக்கத்துத் தெரு சாலம்மாளுக்கு ஒரு போன் போட்டுக்கொள்ளட்டுமா? இத்தனை நாள் இவ்வளவு பெரிய விஷயத்தை வைத்துக்கொண்டு அவளிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறேன், அவள் வேறு யார் மூலமாகவாவது தெரிந்துகொண்டால் நன்றாக இருக்காது.