வெட்கப்படத் தெரியாத அறிவு

பேசுவோரின் நாவுக்கு நேரமும் நெறியும் வகுத்து, இந்த அவையின் நடுநாயகமாய் வீற்றிருக்கும் தலைவி, பாடசாலை அதிபர் சுல்பிகா அவர்களே! முதுமையை ஒரு தகுதியாகவே உடுத்தி முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! வீட்டு வேலைகளை முடித்துவிட்டு, இல்லை, முடியாததை முடியாததாகவே போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மாரே! மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் வந்து சேர்ந்த சோதரரே! ஆலையடிவேம்பிலிருந்து பஸ் மாறி வந்த என் வயல் உறவுகளே! உங்கள் அனைவர் மீதும் ஏக இறைவனின் சாந்தி பொழியட்டும். அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

செயற்கை அறிவா, இயற்கை அறிவா? இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய கணினி விரிவுரையாளர், தம்பி றிபாத், செயற்கை அறிவுக்குச் சூட்டாத மாலை இல்லை. சாத்தாத பொன்னாடை இல்லை. அது களைக்காதாம். கண் அயராதாம். கேட்ட கணத்தில் கொட்டுமாம். ஓம், கொட்டும்! என் தலைக்கு மேல் தொங்கும் பதாகையைப் பாருங்கள். அதையும் அதுதான் வரைந்ததாம். உழவன் உழுகிறான், எருமை இழுக்கிறது, எருமைக்குப் பின்னால் பனிமலை நிற்கிறது! கல்முனையில் எங்கே ஐயா பனிமலை? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பதாகையை அச்சடித்தவர் பார்த்தார், கட்டியவர் பார்த்தார், காலையிலிருந்து நாம் எல்லாரும் பார்த்தோம். ஒருவராவது வாய் திறந்து கேட்டோமா? யந்திரம் பிழைவிட்டதற்கு நான் சிரிக்கவில்லை. கண்ணிருந்தும் கண்டுகொள்ளாத நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன்.

மரண வீட்டுக்கு அனுதாபம் எழுத அது வேண்டும். மணப்பெண்ணுக்கு வாழ்த்து எழுத அது வேண்டும். சண்டை பிடித்த மனைவியைச் சமாதானம் செய்யவும் அது வேண்டும்! அடே அப்பா, அழுவதற்கும் ஆள் வைத்துவிட்ட அறிவாளிகளே, இனி உங்களுக்கு என்னதான் வேலை?

"நீங்க பாவிக்கிறல்லயா சேர்?" என்று பின்வரிசையில் ஒரு குரல். நல்ல கேள்வி. பாவித்தேன். எப்படிப் பாவித்தேன் என்று சொல்லத்தான் இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன். இன்று நான் ஏளனம் செய்யப்போகிற முதல் முட்டாளின் பெயர் றஸாக். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன். புளியடி வட்டை விவசாய அமைப்பின் செயலாளர். உங்கள் முன்னால் நிற்பவன்.

கடந்த சிறுபோகம், கோடை வேளாண்மை. மழை ஏமாற்றியது, குளம் இறங்கியது. இனி எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட முடியாது, முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும் என்று முடிவாயிற்று. யாருக்கு எந்த நாள், எத்தனை மணித்தியாலம்? முந்தைய வருடங்களில் இதற்கு ஒரு முழு நாள் கூடிக் கத்துவோம். இந்த முறை நான் கூட்டத்தில் எழுந்து மார்தட்டினேன். "கத்தவும் வேண்டாம், கதைக்கவும் வேண்டாம். யந்திரம் போட்டுத் தரும். அதுக்குச் சொந்தக்காரனும் இல்லை, பகையாளியும் இல்லை" என்றேன். கைதட்டினார்கள்.

போன இரண்டு சிறுபோகத்துப் பதிவேடுகளையும் அதற்குள் ஏற்றினேன். கண்மூடித் திறப்பதற்குள் அட்டவணை வந்தது. என்ன அழகு! என்ன ஒழுங்கு! நான் அதை வாசித்தபோது என் குரலே எனக்கு இனித்தது.

அந்த அட்டவணையில் ஒரு பெயர் இல்லை. கமீலா.

கமீலாவின் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அவர் போனபின் இரண்டு சிறுபோகம் அந்த மூன்று ஏக்கரும் வெறுமனே கிடந்தன. மூன்றாவது சிறுபோகத்தில் கமீலா தானே இறங்கினார், தானே நின்று உழுவித்தார், தானே விதைத்தார். பதிவேட்டில் 'பயிர் இல்லை' என்று இருந்தது. யந்திரம் அதை நம்பியது. அதைக் குறை சொல்ல முடியுமா? அதற்குத் தெரியாது.

எனக்குத் தெரியும்! விதைப்புக்கு முந்திய வாரம் சந்தையில் என்னைக் கண்டு கமீலா சொன்னார்: "சேர், இந்தப் போகம் நான் விதைக்கிறன். பேரப் போட்டுக்கொள்ளுங்க." நான் சொன்னேன்: "ஓம் புள்ள, நல்ல விசயம்." சொல்லிவிட்டு மறந்தேன். தெரியாமல் பிழைவிட்டது யந்திரம். தெரிந்திருந்தும் பிழைவிட்டவன் மனிதன். இருவரில் எவர் முட்டாள்? சொல்லுங்கள்! சத்தமாகச் சொல்லுங்கள், எனக்கு வலிக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கமீலா என் காரியாலயத்துக்கு வந்தார். கையில் வேரோடு பிடுங்கிய ஒரு நெற்பயிர். அதை என் கணினிக்குப் பக்கத்தில் வைத்தார். நகத்தால் பயிர்த்தாளைக் கீறிப் பிளந்தார். உள்ளே, பால் நிறத்தில், விரல் நீளத்தில், இன்னும் வெளிச்சம் காணாத கதிர்.

"வகுத்தில புள்ளயோட நிக்கிற பயிர் சேர் இது. ரெண்டு முறை தண்ணி வந்து போயிற்று, என்ட வரம்புக்கு வரல்ல. இன்னும் அஞ்சாறு நாள்தான் தாங்கும்."

நான் பயிரைப் பார்க்கவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? யந்திரத்திடம் கேட்டேன்! அது பதில் தந்தது. அந்தப் பதிலை அவர் முகத்துக்கு நேரே வாசித்தேன்: "தரவுகளின்படி அந்தக் காணியில் பயிர் இல்லை. ஆகவே நீர் தேவைப்படாது."

மேசையில் பயிர் கிடக்கிறது. மண் உதிர்ந்து கிடக்கிறது. பயிர் இல்லை என்று நான் வாசிக்கிறேன்! கூடியிருப்போரே, குருடனுக்குக் கண் இல்லை. எனக்குக் கண் இருந்தது. அந்தக் கண்ணைக் கழற்றிக் கணினிக்குள் வைத்துவிட்டு நான் செயலாளர் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

கமீலா பயிரை எடுத்துக்கொண்டு போனார். வாய்க்கால் கதவடிக்குப் போனார். அங்கே, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை ஷரிபுதீன் நின்றார். தண்ணீர்க் கதவின் திறப்பும் பூட்டும் அவர் கையில். அன்று முறை, பக்கத்து வயல் கதிர்காமத்தம்பிக்கு. ஷரிபுதீன் கமீலாவின் வயலில் இறங்கிப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"சேர், கமீலாட வயல் வெடிச்சிக் கெடக்கு. காலு போற அளவுக்கு வெடிப்பு. தண்ணிய இஞ்சால திருப்பட்டா?"

"அட்டவணையை மீற வேண்டாம், ஷரிபுதீன்."

கதிர்காமத்தம்பி தொலைபேசியை வாங்கினார். "சேர், எனக்கு இந்தத் தண்ணி வேணாம். நான் முந்தி விதைச்ச ஆள். என்ட நெல்லு பழுத்திட்டு. இப்ப தண்ணி ஏறினா சாஞ்சிரும். என்ட நாளத் தங்கச்சிக்குக் குடுங்க."

பாருங்கள் அந்த அட்டவணையின் அறிவை! தாகத்தில் சாகிறவளுக்குச் சொட்டு இல்லை. வேண்டாம் என்று கும்பிடுகிறவருக்கு முழு நாள் வெள்ளம்! அதைவிடப் பெரிய அறிவு என்னுடையது. நான் சொன்னேன்: "ஒருவருக்கு மாற்றினால் எல்லாரும் கேட்பார்கள். கமீலா பக்கத்துக் கதவைப் பூட்டிவையுங்கள்."

பூட்டினார்கள். மூன்று நாள். நான் படித்தவன் என்ற மரியாதைக்காக, சேர் சொன்னால் சரியாயிருக்கும் என்ற நம்பிக்கைக்காக, மூன்று நாள் அந்தத் தண்ணீர் பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்றது.

நான்காம் நாள் காலை ஷரிபுதீன் மறுபடி பேசினார். இந்த முறை கேட்கவில்லை. "சேர், நான் கதவத் துறந்திட்டன். கமீலாட வயலுக்குத் தண்ணி போகுது. பிழை எண்டா என்னை விலத்துங்க. மறுகா கதைப்பம்."

கோபத்தோடு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அவரை விலக்கத்தான் போனேன். போய், வரம்பில் ஏறி, அந்தப் போகத்தில் முதன்முறையாக, செயலாளராகிய நான் அந்த வயலைப் பார்த்தேன்.

இரண்டு ஏக்கர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. மேட்டுப்பக்கத்து ஓர் ஏக்கர் குடிக்கவில்லை. தாள்கள் சுருண்டு, கதிர் பாதியில் நின்று, வெளுத்துப்போயிருந்தன. பிறக்க வந்த கதிர் வாசலிலேயே இறந்து கிடந்தது. கமீலா அந்த ஓரத்தில் நின்றார். நான் தலை குனிந்து, "மாப்புத் தாங்க புள்ள" என்றேன்.

"மாப்பு அல்லாஹ்க்காகத் தந்திட்டன் சேர். ஆனா அண்டைக்கு நான் கொண்டந்த பயிர நீங்க தொட்டும் பாக்கல்லயே. அதுதான் எனக்குத் தாங்கேலாமப் போச்சி."

வீட்டுக்கு வந்தேன். யந்திரத்திடம் நடந்ததை எழுதினேன். அது உடனே பதில் சொன்னது: "மன்னிக்கவும். நீங்கள் சுட்டிக்காட்டியது முற்றிலும் சரி. திருத்திய அட்டவணை இதோ." என்ன பணிவு! என்ன பண்பு! ஓர் ஏக்கர் செத்ததற்கும் ஓர் எழுத்துப்பிழைக்கும் அதனிடம் ஒரே குரல், ஒரே மன்னிப்பு. அதற்கு நெஞ்சு அடைத்ததா? சோறு இறங்காமல் போனதா? வெள்ளிக்கிழமை பள்ளியில் கமீலாவின் மாமனாருக்குப் பக்கத்தில் தொழ நின்று, ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்ததா? நான் தவித்தேன்!

தம்பி றிபாத், வித்தியாசம் இங்கேதான்! கணக்கில் அது என்னை வெல்லும். வேகத்தில் வெல்லும். நினைவில் வெல்லும். ஆனால் வெட்கப்படுமா? தன் பிழை இன்னொருவர் வயலைக் கருக்கியதே என்று அதன் உடம்பு கூசுமா? கூசுகிற உடம்பிலிருந்து பிறக்கும் அறிவே இயற்கை அறிவு! ஷரிபுதீனுக்குப் பதவி போகலாம் என்று தெரியும், திறந்தார். கதிர்காமத்தம்பிக்குத் தன் முறை போகும் என்று தெரியும், கொடுத்தார். இழக்க ஏதோ ஒன்று இருப்பவர்கள்தான் சரியாகச் சிந்தித்தார்கள். இழக்க எதுவுமே இல்லாத ஒன்றை நான் நீதிபதியாக்கினேன்!

யந்திரத்தை உடைக்கச் சொல்கிறேனா? இல்லை. அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் நம் கோழைத்தனத்தை உடைக்கச் சொல்கிறேன். 'கணினி சொல்லிட்டு' என்று கையை விரிக்கும் ஒவ்வொரு கதிரையையும் நான் எள்ளுகிறேன். அந்தக் கதிரையில் நானும் இருந்தேன்.

அமைப்புக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லி, பதவி விலகல் கடிதத்தை நீட்டினேன். கமீலா எழுந்தார். "நீங்க போனா அடுத்தவர் வந்து அதயேதான் செய்வார். இரிங்க. ஆனா முறை போட முந்தி வயலுக்கு வாங்க" என்றார். அவரையும் செயற்குழுவில் சேர்த்தோம். இப்போதும் யந்திரம்தான் கூட்டிக் கழித்துத் தருகிறது. ஆனால் அட்டவணையின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: 'எல்லா வயலையும் நேரில் பார்த்தேன்.' அதன்கீழ் ஒரு மனிதர் பெயர் எழுதி ஒப்பமிட வேண்டும். சென்ற வாரம் நான் ஒப்பமிட்டேன். பேனை பிடித்த கை நடுங்கியது. அந்த நடுக்கம், என் அன்புக்குரியோரே, எந்த யந்திரத்துக்கும் இன்னும் அருளப்படவில்லை!

ஒரு முட்டாளின் வாக்குமூலத்தைப் பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி. அதைச் சொல்ல மேடை தந்த தலைவிக்கு நன்றி. உங்கள் கண்கள் உங்களிடமே இருக்கட்டும். வணக்கம். வஸ்ஸலாம்.