பேக்கரி வாசல்ல ஆறு குழந்தை வண்டி

இல்ல இல்ல, நீ உக்காரு சிசெல், காப்பிய நான் போடறேன். நாளைக்குக் குடும்பக் கோர்ட்டுல போய் நிக்கப்போறவ நீ. ஒரு காப்பி போட்டுத் தர மாட்டேனா நான்? ஆமா, கெட்டில இப்படி மேடை ஓரத்துலயா வைப்பாங்க? வயரு எப்படித் தொங்குது பாரு. ஒம்பது மாசத்துப் புள்ள ஒரு இழு இழுத்தா போதும், தோலு உரிஞ்சு வந்துடும். சரிதான், சோல்வை இப்ப எதையும் புடிச்சு இழுக்கற நெலமையில இல்லதான். வலது கை இன்னும் மூடவே மாட்டேங்குதா? பாவம். ஆனாலும் பழக்கம்னு ஒண்ணு வேணாமா?

அழாத. அழுதா நாளைக்கு மூஞ்சி வீங்கிக் கெடக்கும். சோல்வையோட அப்பன் யெப்பெயோட வக்கீலு அதையும் குறிச்சுக்குவான், தாய்க்காரிக்கு மனசு சரியில்லன்னு. அவன் கேக்கறது ஒண்ணுதான், புள்ளைய என்கிட்ட குடுங்கன்னு. நீயே ஏன் எடுத்துக் குடுக்கற?

அதுக்குத்தானே வந்தேன். போடில் நர்ஸு குடுத்த, புள்ளையப் பாத்துக்கற விதியெல்லாம் எழுதின தாளையும் எடுத்தாந்துட்டேன். உன்னோடது எங்க? தெரியாதா? எங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருந்துச்சு, எண்ணெய்க் கறை பட்டு. நாளைக்கு இதையெல்லாம்தான் கேப்பாங்க, சொல்லு பாக்கலாம். எப்படிப் படுக்க வைக்கணும்? மல்லாக்க. சரி. தலகாணி? கூடாது. தேனு? ஒரு வயசு வரைக்கும் கூடாது. திராட்சைய? ம்ம்... நீளவாக்குல நாலா நறுக்கணும் சிசெல், ரெண்டா இல்ல. பாத்தியா, தடுமாறுற. பாத்திரம் கழுவற மெஷினுக்குப் போடற மாத்திரை எங்க வெச்சிருக்க? சிங்குக்குக் கீழயா! பூட்டு கூட இல்ல. மிட்டாய் மாதிரி கலர் கலரா இருக்கு. வாயில போட்டா தொண்டை வெந்துடும்டி.

நான் கொறை சொல்றேன்னு நெனைக்காத. நான் சொல்லாட்டி யாரு சொல்வா? நம்ம அம்மாக்க குழுவுல மத்த நாலு பேரும் உன் பேரு எடுத்தாலே பேச்ச மாத்தறாளுங்க. ஃப்ரேயா போன வாரம் என்ன சொன்னா தெரியுமா? வேணாம் விடு. சரி சொல்றேன். தனியா இருக்கறவளுக்குப் புள்ள எதுக்குன்னா. நான்தான் அதட்டினேன். போடில் நம்ம ஆறு பேரையும் ஒரு குழுவாப் போட்டா, ஒரே மாசத்துல பெத்தோம்கறதால. அத விட்டா நமக்குள்ள என்ன ஒத்துப்போச்சு சொல்லு? வாரா வாரம் கேக் தின்னதுதான்.

வண்டில புள்ளையக் கட்டற அந்த வாரு விஷயம் கேப்பாங்க. கண்டிப்பா கேப்பாங்க. புள்ள அதுமேல வாந்தி எடுத்துட்டா, தொவைச்சுக் காயப்போட்டிருந்தேன்னு சொல்லாத. ஈரமா இருந்தாலும் மாட்டியிருக்கணும்னுவாங்க. இல்லாட்டி வண்டிய வெளிய விட்டிருக்கக்கூடாது. எழுந்து உக்கார ஆரம்பிச்ச புள்ள, முந்தாநாள் மாதிரியே தூங்கும்னு நெனைக்கலாமா? அது உன் தப்பு. அத ஒத்துக்க. ஒத்துக்கிட்டா கொஞ்சம் எரக்கம் வரும்.

வெளிய தூங்க விட்டது தப்புன்னு எவனும் சொல்ல மாட்டான். இந்த ஊருல எல்லாரும்தான் விடறோம். அன்னைக்குக் குளிரு கூட ஒண்ணும் பெருசா இல்ல, நல்ல வெயிலு. ஆறு வண்டியும் பேக்கரிச் சுவரோரம், வெளிய புள்ள அழுதா உள்ள கேக்க வெக்கற ஆறு பேபி அலாரமும் எங்க மேசை மேல. உள்ள காப்பி மெஷினு சத்தம், ரெட்டைக் கண்ணாடி சன்னலு, அலாரம் இல்லாட்டி எவளுக்குக் கேக்கும்? எதிர்ப் பூக்கடைக்காரி சொல்லியிருக்காளே, ஏழு நிமிஷமாவது புள்ள அழுதிருக்கும்னு. யாராவது வருவாங்க, யாராவது வருவாங்கன்னு பாத்திருக்கா. அப்புறம்தான் சோல்வை வண்டிக் கூரையப் புடிச்சு எழுந்து நின்னிருக்கா. பூக்கடைக்காரி ரோட்டத் தாண்டறதுக்குள்ள புள்ள கீழ விழுந்து தல கல்லுல பட்டுடுச்சு.

தெரியும், தெரியும். அலாரம் போட்டிருந்தேன், போட்டிருந்தேன்னு நூறு தடவ சொல்லிட்ட. போலீசு எடுத்துப் பாத்தப்ப அணைஞ்சுதானே கெடந்துச்சு? அவங்க அததான் நம்புவாங்க. மறந்துட்டான்னு எழுதிட்டாங்க. நாளைக்கு எல்லாமே அந்த ஒரு கேள்வியிலதான் நிக்குது. வாரு இல்லங்கறது கூட ஒரு நாள் தவறு. அலாரமும் போடலன்னா, இவ கவனமில்லாதவன்னு ஆயிடும். அப்புறம் சோல்வை யெப்பெகிட்டதான்.

நீ சொல்றத நான் நம்பறேன் சிசெல். எப்படின்னா கேக்கற?

அன்னைக்கு நான் ஒரு கத சொல்லிட்டிருந்தேன், ஞாபகம் இருக்கா? இருக்காது. உனக்கு எப்படி இருக்கும். என் புள்ள மால்டெயோட அப்பா என்கிட்ட பேசி மூணு வாரம் ஆச்சுன்னு சொல்ல வந்தேன். எட்டு மாசம் கேக் தின்னதுல அன்னைக்குத்தான் மொத மொதல்ல வாயத் தொறந்தேன். எவ்ளோ கஷ்டப்பட்டுத் தொறந்தேன் தெரியுமா? ஒவ்வொரு வாரமும் நான் பேச ஆரம்பிச்சா சோல்வை அழுவா. நீ ஓடுவ. நாலு பேரும் உன் பின்னாடியே பாப்பாளுங்க, பாவம் சிசெல், தனியா எப்படிச் சமாளிக்கறாளோன்னு. அப்புறம் எவளாவது என் பக்கம் திரும்பி, நீ என்னமோ சொல்லிட்டிருந்தியேன்னு கேட்டிருக்காளா? ஒருத்தி கூட இல்ல.

அன்னைக்கும் உன் அலாரம் கரகரன்னுச்சு. ஃப்ரேயா நீட்டின கேக் தட்ட நீ வாங்கிட்டிருந்த. சும்மா சிணுங்கல்தான், ஒரு நிமிஷத்துல தானா தூங்கிடும்னு நெனைச்சேன். கைய நீட்டி அமுக்கிட்டேன். பச்சை வெளக்கு அணைஞ்சுது. அதுக்கப்புறம் எல்லாரும் நான் பேசினதக் கேட்டீங்க. முழுசாக் கேட்டீங்க. நீ என் கையக் கூடப் புடிச்ச.

அப்படிப் பாக்காத.

நாளைக்கா? நாளைக்கு என்னத்தச் சொல்றது. ஏற்கெனவே போலீசுக்கு எழுதிக் குடுத்துட்டேனே, உன் அலாரத்துல வெளக்கு எரிஞ்சு நான் பாக்கலன்னு. என் வீட்டுக்காரன் பேசாம இருந்தது முடிஞ்சு இப்ப வேற வீடு பாக்கறான். மால்டெ யார்கிட்டன்னு எனக்கும் ஒரு நாள் அந்த மேசை முன்னாடிதான் உக்காரணும். புள்ளை அழறப்ப அலாரத்த அணைச்சவள்னு என் பேருல ஒரு தாளு அங்க இருக்கலாமா, நீயே சொல்லு.

நீ வேணா சொல்லிப் பாரு. நாலு பேரும் என்னத்தப் பாத்தாளுங்க? என் மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தாளுங்க.

பத்து மணிக்குத்தானே? ஒம்பதரைக்குத் தயாரா இரு. நானும் சாட்சி சொல்ல அங்கதான் வரணும், கார்லயே கூட்டிட்டுப் போறேன்.