ஓரகத்தி போட்ட ஊசி

சிங்காநல்லூரில் பஸ் ஏறி என் முன்சீட்டில் அமர்ந்த பருமனான அம்மா, கூட வந்த இளையவரிடம் சொன்னார்: “என்ர ஓரகத்திக்கு ஒரே வாந்தியாமா. கேட்டதும் மனசு நெறைஞ்சுபோச்சு அம்மணி.”

“ஏனுங்கக்கா இப்படிச் சொல்றீங்க?”

“வாராவாரம் வயித்துல எடை கொறையற ஊசி போட்டு இளைச்சுப்போட்டா. அதுல வர்ற வாந்திதான். கேட்டா வாக்கிங் போறேங்கறா.”

“நீங்களும் போட்டுக்கலாமுங்களே. இப்ப வெலை கொறைஞ்சிருக்குதுங்கறாங்க.”

“காசு கெடக்கட்டும். எனக்கு முன்னால கணையம் வீங்கிப்போச்சுல்ல, டாக்டர் ஊசி ஆகாதுன்னுட்டார். மாத்திரையாவது குடுங்கன்னேன். அதுவும் அதே மருந்துதானாம்.”

“நிறுத்தினா எடை திரும்ப ஏறிக்குமாமுங்க.”

“அவ எங்க நிறுத்தறா? முட்டிவலியே போயிருச்சாம்.”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு குரல் தணிந்தது.

“எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நானும் அவளும் ஓரமா சேர் போட்டு உக்காந்துக்குவோம். முட்டிவலின்னு ரண்டு பேரும் எந்திரிக்கவே மாட்டோம், பேசிச் சிரிச்சுட்டே கெடப்போம். போன வாரக் கல்யாணத்துல அவ மேடையேறிப் போட்டோ எடுத்தா, பந்தியில பரிமாறினா, ஓடிட்டே இருந்தா. அவளுக்குன்னு புடிச்ச சேர்ல என்ர பையை வெச்சுட்டு உக்காந்திருந்தேன் கண்ணு. கடைசி வரைக்கும் அவ வரவேயில்ல.”