மேரிகோல்டின் சஷ்டி விரதம்

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தனலெட்சுமி. பலருக்கு இது தெரியாது. உள்ளே போனது போனதுதான். அதனால் தீனி போடுகிறவர் கையில்தான் அதன் உயிர் இருக்கிறது. உங்கள் கணவர் அய்யாக்கண்ணுவுக்கு இது தெரியும். எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

நேற்று அக்கரையில் இருக்கும் பிறை ஊரிலிருந்து வந்து, ஃபெரி ஏறி, என் வீடு தேடி வந்தீர்கள். "கிராணி ஐயா, அந்தக் குதிரைக்கு எங்க வீட்டுக்காரரு என்னதான் செஞ்சாரு? சாவுற வரைக்கும் அதையேதான் பேசிக்கிட்டு இருந்தாரு" என்று கேட்டீர்கள். நான் டீ போடுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன்.

மேரிகோல்ட் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற செந்நிறப் பெண் குதிரை. சீன முதலாளி தவுக்கே அவளை விற்க மனமில்லாமல் எங்கள் லாயத்திலேயே வைத்திருந்தார். நான் அங்கே கணக்கு எழுதும் கிராணி, தீனி போடுவது அய்யாக்கண்ணுவின் வேலை. ஆனாலும் என் மனைவி செல்வநாயகி போன பிறகு எட்டு வருஷம், மூன்று வேளையும், வெல்லம் கலந்த ஓட்ஸை என் கையால்தான் அவளுக்கு வைத்தேன்.

எண்பத்தெட்டில் அவள் மெலிந்தாள். பல்லை நறநறவென்று கடித்தாள். குதிரை டாக்டர் சுலைஹா வந்து பார்த்தார்.

"வயித்துல புண்ணு. ஓட்ஸை நிறுத்துங்க. குதிரை வயித்துல எந்நேரமும் அமிலம் ஊறும், காலியா விடவே கூடாது. காய்ஞ்ச லூசர்ன் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமா நாள் பூரா கொடுங்க" என்றார். பிறகு, "இத்தனை வருஷமா இவ்வளவு ஓட்ஸ் வெச்சது யாரு?" என்று கேட்டார்.

அய்யாக்கண்ணு தரையைப் பார்த்தார். என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று முதல் மணிக்கு ஒரு பிடி புல் அவர்தான் வைத்தார். மூன்று வாரத்தில் அவள் உடம்பு தேறியது. அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே கனைப்பாள். எட்டு வருஷத்தில் எனக்காக அவள் ஒருமுறைகூடக் கனைத்ததில்லை. வலித்தது. சொல்ல வெட்கமில்லை.

அய்யாக்கண்ணு தீபாவளியன்றும் வேலைக்கு வந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் ஒரு வாரம் லீவு எடுத்து உங்களிடம் வந்தார். போகும்போது, "ஐயா, புல்லு மட்டும் நிக்கக் கூடாதுலா" என்று எனக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று கந்த சஷ்டி தொடக்கம். நான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டேன். ஆறு நாள் விரதம், மாலையில் மட்டும் பாலும் பழமும். எங்கள் வீட்டில் வயிறு கெட்டால் முதல் மருந்து பட்டினிதான். வயிற்றுக்கு ஓய்வு வேண்டும். அவளும் என்னோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். அவள் பிடரி மயிரிலும் ஒரு மஞ்சள் நூல் கட்டினேன். பகல் முழுவதும் தண்ணீர் மட்டும். மாலையில் நான் பால் குடிக்கும்போது அவளுக்கு ஒரு வாளி ஓட்ஸ், பழையபடி வெல்லத்தோடு. ஆவலாகச் சாப்பிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் கதவுக் கட்டையைக் கடித்துத் தின்றாள். ஐந்தாம் நாள் படுத்துக்கொண்டு தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சூரசம்ஹாரத்தன்று காலையில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். டாக்டரைக் கூப்பிடவில்லை. மதியம் அடங்கிவிட்டாள்.

டாக்டர் அறுத்துப் பார்த்தார். வயிற்றில் ஓட்டை. "லூசர்ன் எங்கே?" என்று கேட்டார். அய்யாக்கண்ணு எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை, இருந்ததைத்தான் போட்டேன் என்றேன்.

அய்யாக்கண்ணு லீவு முடிந்து திரும்பி வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஏழு கட்டு வெச்சேனே, ஐயா."

"நல்லா யோசிச்சுப் பாருங்கோ. வீட்டுக்குப் போற அவசரத்திலை மறந்திருப்பியள்" என்றேன்.

அவருக்கு வேலை போயிற்று. பிறையில் ஃபேக்டரி வேலைக்குப் போனார். அடுத்த தீபாவளிக்கு முறுக்கோடு வந்தபோது, "நான் வெக்கலையோ என்னமோ, ஐயா" என்று அவரே சொல்லிவிட்டார். அதன் பிறகு ஏழு வருஷமும் தவறாமல் வந்து, "என்னை மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்பார். மன்னித்துவிட்டேன் என்பேன். அதற்குப் பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்.

அவர் ஏழு கட்டு வைத்துவிட்டுத்தான் போனார், தனலெட்சுமி. அவர் கிளம்பிய ஒரு மணி நேரத்தில் நான் அவற்றை மற்றக் குதிரைகளுக்குப் பிரித்துப் போட்டேன். வயிறு காலியானால் அவள் சாவாள் என்று தெரிந்துதான் போட்டேன்.

ஆனால் உங்கள் கணவரை மன்னித்துவிட்டதாகச் சொன்னேனே, அதில் மட்டும் பொய்யில்லை. அவள் அவரைப் பார்த்துக் கனைத்ததை நான் மனதார மன்னித்துவிட்டேன்.